மருந்தா, அனுபவமா, கூட இருப்பவரா?
சைக்கடெலிக் சிகிச்சை பற்றிய விவாதமும் ஓசூர் எல்லைப் பகுதியும்

தீராத மனநோய்க்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதற்குப் பதிலாக, மனநிலையையே புரட்டிப்போடும் ‘சைக்கடெலிக்’ பொருள் ஒன்றை மருத்துவ மேற்பார்வையில் ஓரிரு முறை மட்டும் கொடுத்தால் போதுமா? எழுபது ஆண்டுகளாக மனநல மருத்துவம் இந்தக் கேள்வியை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருக்கிறது. 1950களில் ‘ஆம்’ என்றது. 1970களில் அந்தப் பேச்சே வேண்டாம் என்றது. 2010களில் மறுபடியும் உற்சாகமாக ‘ஆம்’ என்று சொல்லத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. இவ்வகைச் சிகிச்சைக்கான ஒரு முக்கியமான விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியதிலிருந்து குரலைச் சற்றுத் தாழ்த்தியிருக்கிறது.

பால்டிமோர், லண்டன் ஆய்வகங்களைச் சுற்றியே நடக்கும் இந்த விவாதத்தை ஓசூர்–கிருஷ்ணகிரி பகுதியில் நின்று பார்க்கக் காரணம் உண்டு. நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிமான்ஸ், பெங்களூருவில் ஓசூர் சாலையில்தான் இருக்கிறது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் அத்திப்பள்ளியும் ஜூஜூவாடி சோதனைச் சாவடியும் வந்துவிடும். அதைத் தாண்டினால் சிப்காட் தொழிற்பேட்டைகள், வாகன ஆலைகள், கைபேசி உதிரிபாக ஆலைகள், சுழல் ஷிப்டுகள், வெளிமாநிலத் தொழிலாளர் விடுதிகள். மனநல அறிவின் உச்சமும் மனநலச் சேவையின் பற்றாக்குறையும் ஒரே சாலையின் இரு முனைகளில் இருக்கின்றன.

பற்றாக்குறையின் அளவை நிமான்ஸே கணக்கிட்டிருக்கிறது. அது 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. பெரும் மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. ஆகவே ‘இந்தப் புதிய சிகிச்சை வேலை செய்கிறதா?’ என்று மட்டும் இங்கே கேட்டால் போதாது. வேலை செய்கிறது என்றால் அதில் வேலை செய்வது எது என்றும் கேட்டாக வேண்டும். ஒரு மாவட்டம் எதற்காகச் செலவிட வேண்டும் என்பது அந்த விடையைப் பொறுத்தது.

ஒரு மருந்தின் இரண்டு பிறவிகள்

சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் எல்.எஸ்.டி.யை உருவாக்கினார். அதன் விளைவை அவரே உணர்ந்தது 1943இல். மெக்சிகோ மலைக்கிராமத்தில் மரியா சபீனா என்ற நாட்டு மருத்துவப் பெண்மணி நடத்திய காளான் சடங்கைப் பற்றி வங்கியாளர் கார்டன் வாசன் 1957இல் ‘லைஃப்’ இதழில் எழுதினார். அடுத்த ஆண்டே ஹாஃப்மன் அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். கனடாவில் ஹம்ப்ரி ஆஸ்மண்டும் ஏப்ரம் ஹாஃபரும் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தார்கள். ‘லைஃப்’ கட்டுரை தந்த விளம்பரத்தால் மரியா சபீனாவின் ஊரில் வெளிநாட்டார் கூட்டம் மொய்த்து அவர் வாழ்க்கை சீர்குலைந்தது. இத்துறையின் வெற்றிக் கதைகளில் அவருக்கு நேர்ந்தது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

முதல் பிறவி முடிந்ததற்கு அரசியல் மட்டுமே காரணம் என்று ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. ஹார்வர்டில் டிமத்தி லியரி ஆய்வாளர் என்ற நிலையிலிருந்து பிரசாரகராக மாறியதும், 1970இல் அமெரிக்கச் சட்டமும் 1971இல் ஐ.நா. உடன்படிக்கையும் இப்பொருள்களைக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்ததும் உண்மைதான். ஆனால் 1962க்குப் பிறகு அமெரிக்காவில் மருந்து ஆய்வுகளுக்கான நெறிகள் இறுகின. ஒப்பீட்டுக் குழு வேண்டும், போலி மருந்து வேண்டும் என்றானபோது அன்றைய எல்.எஸ்.டி. ஆய்வுகளில் பல அந்த உரைகல்லில் நிற்கவில்லை. இரண்டாம் பிறவியும் அதே உரைகல்லில்தான் தடுமாறுகிறது.

மூலக்கூறுதான் என்போர்

வேலை செய்வது எது என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. மூலக்கூறே என்னும் முதல் அணியின் வாதம் நேரடியானது. மனச்சோர்வில் நரம்பு இணைப்புகள் நலிகின்றன. இம்மருந்துகள் அவற்றை மீண்டும் வளரத் தூண்டுகின்றன. நோயாளி காணும் காட்சிகள் ஒரு பக்கவிளைவு மட்டுமே. கலிபோர்னியாவின் டேவிட் ஓல்சன் போன்ற வேதியியலாளர்கள் காட்சி தோன்றாமல் குணம் மட்டும் தரும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். 2020இல் அவருடைய குழு அறிவித்த அப்படிப்பட்ட ஒரு சேர்மம் எலிகளில் நம்பிக்கையூட்டும் விளைவுகளைக் காட்டியது. எலிக்கும் மனிதருக்கும் இடையிலான தூரத்தில் காணாமற்போன மனநல மருந்துகள் ஏராளம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவர்களிடம் உள்ள வலுவான சான்று கெட்டமின். இந்தியாவில் சட்டப்படி மருத்துவருக்குக் கிடைக்கும் பொருளும் இக்குடும்பத்தில் இது ஒன்றே எனலாம். கறாராகப் பார்த்தால் இது சைலோசைபின் வகையைச் சேர்ந்ததல்ல. ஆனால் உடலிலிருந்து விலகி மிதப்பதுபோன்ற அனுபவத்தைத் தருவதால் இந்த விவாதத்தில் சேர்க்கப்படுகிறது. 1962இல் உருவான இது, மூச்சைப் பெரிதாக அடக்காத மயக்க மருந்து என்பதால் வசதி குறைந்த அறுவை அரங்குகளுக்குப் பெரும் துணை. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் உள்ளது. ஊருக்குள் வரும் யானைக்கு வனத்துறை மயக்க ஊசி போடும்போது சைலசீனுடன் சேர்ப்பதும் இதையே. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தாருக்கு யானை புதிதல்ல. அந்த ஊசியில் இருப்பது மனச்சோர்வுக்கும் மருந்து என்பது புதிதாக இருக்கலாம்.

கெட்டமின் சில மணி நேரத்தில் மனச்சோர்வைத் தணிக்கிறது என்பதை 2000இல் யேல் பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வும் 2006இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வும் காட்டின. அதன் ஒரு வடிவமான எஸ்கெட்டமின் மூக்குத் தெளிப்பானுக்கு 2019 மார்ச்சில் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. பெங்களூரு போன்ற பெருநகரங்களில் தனியார் மனநல மருத்துவமனைகள் கெட்டமினை மருத்துவரின் பொறுப்பில் நரம்பு வழியாகத் தருகின்றன.

இங்கே பொருத்தமான ஒப்பீடு மின் அதிர்ச்சிச் சிகிச்சை. ‘ஷாக் வைப்பது’ என்ற பேச்சே குடும்பங்களைக் கலங்கடிக்கிறது. சினிமாவுக்கு அதில் பெரும் பங்கு. ஆனால் மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துச் செய்யப்படும் இன்றைய முறை, கடுமையான மனச்சோர்வுக்கு நன்கு நிறுவப்பட்ட சிகிச்சை. அவையின்றிச் செய்வதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. 2023இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் கெட்டமின் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் மின் அதிர்ச்சி பெற்றவர்களில் 41 விழுக்காட்டினருக்கும் பலன் தெரிந்தது. கெட்டமின் வென்றது என்று எழுதிவிடலாம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 186 பேரிடம் நடந்த ஸ்வீடன் ஆய்வு நேர்மாறாக முடிந்தது: அங்கே மின் அதிர்ச்சியே மேல். நோயின் கடுமையைப் பொறுத்து விடை மாறுகிறது போலும்.

இந்த அணியை மேலும் சங்கடப்படுத்திய ஆய்வு ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. வேறு அறுவைக்காக முழு மயக்கத்தில் இருந்த 40 மனச்சோர்வு நோயாளிகளுக்கு, யாருக்கு எது என்று அவர்கள் அறியாதபடி, பாதிப் பேருக்குக் கெட்டமினும் மற்றவர்களுக்கு உப்புநீரும் செலுத்தினார்கள். இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினார்கள். குணமாவோம் என்று முன்பே எவ்வளவு எதிர்பார்த்தார்கள் என்பதற்கே விளைவுடன் தொடர்பு தென்பட்டது. மயக்க மருந்துகளே குறுக்கிட்டிருக்கலாம் என்ற மறுப்பு நியாயமானது. இருந்தும், மூலக்கூறு மட்டும் போதும் என்று இனி அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது.

அனுபவம்தான் என்போர்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் கிரிஃபித்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வோடு இரண்டாம் பிறவி தொடங்கியது எனலாம். சைலோசைபின் எடுத்தவர்களில் பலர் அதைத் தம் வாழ்வின் மிக முக்கியமான ஆன்மிக அனுபவங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். 2016இல் புற்றுநோயாளிகளின் மரண பயம் தணிந்ததாக அதே மையமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் அறிவித்தன. அனுபவம் ஆழமாக இருந்தால் பலனும் கூடுகிறது என்பது இவர்கள் கண்ட தொடர்பு.

தொடர்பு இருக்கிறது, காரணம் அதுதானா என்பது வேறு. அதிக மருந்து ஆழ்ந்த அனுபவத்தையும் தரும், கூடுதல் பலனையும் தரும். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று அதைக்கொண்டு நிறுவ முடியாது. பெரிய ஆய்வுகள் வரவர எண்களும் இறங்கின. 2022இல் காம்பஸ் நிறுவனம் 233 மனச்சோர்வு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், 25 மில்லிகிராம் சைலோசைபின் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினர் மூன்றாம் வாரத்தில் தேறினர். ஒரு மில்லிகிராம் குழுவில் 18 விழுக்காட்டினர். பன்னிரண்டாம் வாரம் வரை தேறிய நிலையிலேயே இருந்தோர் முறையே 20, 10 விழுக்காட்டினர் மட்டுமே. 2021இல் லண்டன் ஆய்வுக் குழு ஒன்று சைலோசைபினை வழக்கமான மனச்சோர்வு மாத்திரையான எஸிட்டலோபிராமோடு ஒப்பிட்டபோது முதன்மை அளவையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எஸிட்டலோபிராம் நம்மூர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் மலிவான மாத்திரை.

அனுபவ அணிக்கு இந்தியாவில் ஒரு கிளை உண்டு. ‘இது நமக்குப் புதிதல்ல, வேதத்தின் சோமமே இதுதான்’ என்பது அதன் குரல். சோமம் என்பது அமானிட்டா வகைக் காளான் என்று 1968இல் எழுதியவரும் அதே வாசன்தான். சமஸ்கிருத அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தவிர, அமானிட்டாவில் சைலோசைபினே கிடையாது. மருத்துவச் சான்றாக இந்த வாதத்துக்கு மதிப்பு இல்லை.

மதிப்புள்ள உள்ளூர்ச் சான்று ஒன்று இருக்கிறது. அதில் மருந்தே இல்லை. நிமான்ஸைச் சேர்ந்த ரகுராமும் சக ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டனர். தமிழ்நாட்டின் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை அவர்கள் கவனித்தார்கள். குடும்பத்தாரோடு தங்குவது, கோயில் வேலைகளில் பங்கெடுப்பது, யாரும் விரட்டாத ஓர் இடம் கிடைப்பது. அவ்வளவுதான். நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு இது. கோயிலே போதும் என்று யாரும் இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியது அப்படியான நம்பிக்கையின் மறுபக்கம். ஆனால் சைக்கடெலிக் ஆய்வாளர்கள் ‘மனநிலையும் சூழலும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் மருந்தில்லாத வடிவத்தை இந்த ஆய்வு நமக்குக் காட்டுகிறது.

கூட இருப்பவர்தான் என்போர்

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு எம்.டி.எம்.ஏ. என்ற மற்றொரு பொருளைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளின் செயல்முறையை விரித்துப் பார்த்தால் மூன்றாவது விடை தானே வெளியே வரும். மருந்து மூன்று முறைதான். ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேர அமர்வு. முன்னே மூன்று ஆயத்த அமர்வுகள், பின்னே ஒன்பது பேச்சு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி. கூட்டினால் 42 மணி நேரம். சிகிச்சையாளர் இருவர் என்பதால் ஒரு நோயாளிக்கு 84 மணி நேர மனித உழைப்பு.

2023இல் வெளியான இரண்டாம் பெரிய ஆய்வில் எம்.டி.எம்.ஏ. பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் நோய் வரையறைக்கு வெளியே வந்தார்கள். இந்த எண்ணைத்தான் உலகம் பேசியது. போலி மருந்து பெற்று, அதே அமர்வுகளில் உட்கார்ந்தவர்களில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினரும் வெளியே வந்தார்கள். என் பார்வையில் அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டிய எண் அதுதான்.

2024 ஜூனில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு, பலன் நிறுவப்படவில்லை என்று 9–2 என்றும், நன்மை தீங்கை விஞ்சவில்லை என்று 10–1 என்றும் வாக்களித்தது. ஆகஸ்டில் விண்ணப்பம் திரும்பியது. தமக்குக் கிடைத்தது உண்மை மருந்தா போலியா என்பதைப் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது முதன்மையான குறைகளில் ஒன்று. கனடாவில் நடந்த முந்தைய ஆய்வொன்றில் சிகிச்சையாளர் நோயாளியிடம் அத்துமீறியதும் பேசப்பட்டது. கூட இருப்பவர்தான் மருந்து என்றால், கூட இருப்பவரே நஞ்சாகவும் ஆகலாம். மருந்தின் பிடியில் இருப்பவர் மறுக்கும் நிலையில் இருப்பதில்லை.

இந்த மூன்றாம் விடைக்கும் பலவீனம் உண்டு. உரையாடலே போதுமென்றால், ஆண்டுக்கணக்கில் உரையாடல் சிகிச்சை பெற்றும் மாறாதவர்கள் மருந்து சேர்ந்ததும் ஏன் மாறினார்கள் என்பதற்கு அதனிடம் தெளிவான பதில் இல்லை.

குடி: பழைய வாக்குறுதி, பக்கத்துப் பிரச்சினை

ஆஸ்மண்டும் ஹாஃபரும் தொடங்கிய இடம் குடிநோய். எல்லைப் பகுதிக்கு மிக நெருக்கமானதும் அதுவே. இந்தப் பக்கம் டாஸ்மாக். அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பாக்கெட் மது. விலை வேறுபாடே கடத்தலாகிப் பிடிபடுவது இங்கே வாடிக்கைச் செய்தி. தேசிய மனநல ஆய்வில் மதுசார்ந்த குறைபாடு 4.6 விழுக்காடு, அவர்களில் 86 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே. இரவு ஷிப்டு முடித்து வருபவர் தூங்குவதற்காகக் குடிப்பதை நோய் என்று வீட்டிலும் கருதுவதில்லை, ஆலையிலும் கருதுவதில்லை.

பழைய எல்.எஸ்.டி. ஆய்வுகளில் ஓரளவு நெறிப்படி நடந்த ஆறை 2012இல் நார்வே ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். மொத்தம் 536 பேர். ஒரே ஒரு முறை எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 38 விழுக்காட்டினரும் தேறினர். ஆறு மாதம் வரை நீடித்த வேறுபாடு ஓராண்டில் மங்கிவிட்டது. 2022இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வில், பன்னிரண்டு வார ஆலோசனையோடு சைலோசைபின் பெற்றவர்கள் மிகையாகக் குடித்த நாள்கள் 9.7 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 23.6 விழுக்காடு. இத்துறையின் நல்ல முடிவுகளில் ஒன்று இது. ஆனால் இங்கும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கள் மருந்தைச் சரியாக ஊகித்தார்கள்; ஆலோசனையோடு போலி மருந்து பெற்றவர்களும் முன்பைவிட வெகுவாகக் குறைத்திருந்தார்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது கோவா. மனநல ஆய்வாளர் விக்ரம் படேலின் குழு அங்கே மனநலத் துறையில் பட்டமோ பயிற்சியோ இல்லாத உள்ளூர்க்காரர்களை ஆலோசகர்களாகப் பழக்கியது. கடுமையான மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள். 2017இல் ‘லான்செட்’ வெளியிட்ட முடிவு: ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தேறினர், வழக்கமான கவனிப்பில் 39. மிகையாகக் குடிக்கும் ஆண்களிடம் வேறுபாடு குறைவு: 36, 26. மனச்சோர்வில் எளிய பேச்சு வெகுதூரம் போகிறது, குடியில் அவ்வளவு தூரம் போகவில்லை. புதிய மருந்துக்கு இங்கே ஓர் இடைவெளி இருக்கிறதென்றால் அது குடிநோயில் இருக்கலாம் என்று எண்ண இது இடம் தருகிறது. ஆதரவாளர்கள் மனச்சோர்வையே முன்னிறுத்துவது, மருந்துச் சந்தை அங்கே பெரிது என்பதாலா என்று கேட்கத் தோன்றுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

எல்.எஸ்.டி., சைலோசைபின், எம்.டி.எம்.ஏ. மூன்றும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. எல்.எஸ்.டி.யில் 0.1 கிராமே வணிக அளவு. மருத்துவ, அறிவியல் தேவைக்குச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால் வழி இருப்பதாலேயே யாரும் அதில் போவதில்லை. மார்ஃபினே சாட்சி. 1985க்குப் பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் மருத்துவப் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. புற்றுநோய் வலிக்கு மலிவான மருந்து கையில் இருந்தும் மருத்துவமனைகள் உரிமத்துக்கு அஞ்சி ஒதுங்கின. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. கெட்டமினும் கடத்தல் காரணமாக 2011இல் இதே பட்டியலுக்குள் வந்தது.

தமிழ்நாட்டில் சைலோசைபின் என்றால் கொடைக்கானல். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்குப் போதைக் காளான் விற்பதும் போலீஸ் பிடிப்பதும் வழக்கமாகிவிட்டது. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளான் இயற்கையான பூஞ்சை, அது ‘கலவை’ ஆகாது என்றது. ஆகவே காளானின் முழு எடையையும் போதைப்பொருளின் எடையாகக் கொள்ள முடியாது. இதைக் காளான் சட்டப்படி சரி என்ற தீர்ப்பாகப் பலர் பகிர்ந்தார்கள். அப்படியல்ல, சைலோசைபின் இன்றும் தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. சட்டம் தவிர, ஆபத்தும் உண்டு. உருவம் ஒத்த நச்சுக் காளான்கள் ஈரலை அழிக்கும். இருமுனை மனநோய், மனச்சிதைவு உள்ளவர்களையும் அவை குடும்பத்தில் இருப்பவர்களையும் ஆய்வுகள் முன்கூட்டியே விலக்குகின்றன. லித்தியம் சாப்பிடுபவர்கள் சைக்கடெலிக் எடுத்து வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. மலையில் காளான் விற்பவர் இதில் எதையும் கேட்பதில்லை. பெங்களூரு மென்பொருள் வட்டாரங்களில் பேசப்படும் ‘மைக்ரோடோசிங்’ பற்றி ஒரு வரி போதும்: பங்கேற்பாளர்களே தமக்குப் போலி மருந்தைக் கலந்து நடத்திய 2021 ஆய்வில், நுண்ணளவு மருந்துக்கும் போலிக்கும் வேறுபாடு தெரியவில்லை.

கிருஷ்ணகிரியின் கணக்கு

2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 18.8 லட்சம். இந்தியாவில் லட்சம் பேருக்கு முக்கால் மனநல மருத்துவர் என்ற விகிதத்தை அப்படியே போட்டால் மாவட்டத்துக்குப் பதினான்கு பேர் வருவார்கள். ஒரு நோயாளிக்கு 84 மணி நேரம் என்ற முறை இந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாது. 2023 ஜூலையில் மனநல மருத்துவர்கள் எம்.டி.எம்.ஏ., சைலோசைபின் எழுத அனுமதித்த ஆஸ்திரேலியாவிலேயே செலவு பல ஆயிரம் டாலர்; பெரும்பாலும் வசதியுள்ளவர்களுக்கே எட்டுகிறது.

வேறொரு மரபும் இதே சாலையோரத்தில் தொடங்கியது. 1970களின் நடுவில் நிமான்ஸ் சமுதாய மனநலப் பிரிவைத் தொடங்கி, ஆனேக்கல் வட்டத்துச் சகலவாராவில் ஊரக மையம் அமைத்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் களப்பணியாளருக்கும் மனநோயைக் கண்டறியக் கற்றுக்கொடுத்தது. அதுவும் பெல்லாரி மாவட்டத்தில் நடந்த இதே போன்ற சோதனையும் சேர்ந்து 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாயின. கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 14416 என்ற மனநலத் தொலைபேசிச் சேவையும் இருக்கிறது. கூட இருப்பவர்தான் குணமாக்குகிறார் என்றால், அதற்கான அடித்தளம் இங்கே அரைகுறையாகவேனும் உண்டு.

மேலைநாட்டு விவாதத்தில் அதிகம் எழாத ஒரு சிக்கலும் இங்கே எழும். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டு மொழிகள். ஆலை விடுதிகளில் இந்தியும் ஒடியாவும் அசாமியும். மருந்தின் பிடியில் எட்டு மணி நேரம் ஒருவர் பழைய காயங்களைப் பேசும்போது எதிரே இருப்பவருக்கு அவர் மொழி புரிய வேண்டும். மொழிபெயர்ப்பாளரை வைத்து இதைச் செய்ய முடியுமா என்பது தெளிவாகவில்லை.

இன்றைய சான்றுகளை எடைபோட்டால் இப்படிச் சொல்லலாம். கெட்டமினுக்கு, பிற மருந்துகள் பலிக்காத கடும் மனச்சோர்வில், கண்காணிப்புள்ள மருத்துவமனையில் ஓர் இடம் உண்டு. பலன் சில நாள்களிலோ வாரங்களிலோ தேய்கிறது, சிறுநீர்ப்பையைக் கெடுக்கும், பழக்கமாகும் அபாயமும் இருக்கிறது. சைலோசைபினின் பலன் உண்மையாக இருக்கலாம். முதல் செய்திகள் சொன்ன அளவுக்குப் பெரிதல்ல. 2025 ஜூனில் காம்பஸ் அறிவித்த 258 பேர் ஆய்வில், 60 புள்ளி மனச்சோர்வு அளவையில் போலி மருந்துக்கும் அதற்கும் இடையே இருந்தது 3.6 புள்ளி. எம்.டி.எம்.ஏ. இன்னும் நிறுவப்படவில்லை.

இதுவரையான பெரிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளையர்கள். ஷிப்டுத் தொழிலாளியிடமும் கடன்பட்ட விவசாயியிடமும் இம்மருந்துகள் எப்படி வேலை செய்யும் என்பதை அவற்றிலிருந்து ஊகிக்க இயலாது. இங்கே ஓர் ஆய்வு நடந்தால் ஒப்பீடு போலி மாத்திரையோடு இருப்பதில் பயன் குறைவு. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் அதே அளவு நேரத்தை நோயாளியோடு செலவிடும் ஒரு குழு எதிரே இருக்க வேண்டும். மருந்து சேர்ந்ததால் கிடைக்கும் கூடுதல் பலன் எவ்வளவு, குடிநோயில் அது ஓராண்டு தாண்டி நிற்கிறதா, அதே செலவில் எத்தனை களப்பணியாளர்களை அமர்த்தியிருக்கலாம் ஆகிய மூன்றுக்கும் அப்படிப்பட்ட ஆய்வில்தான் விடை கிடைக்கும். அதற்கு 8ஆம் பிரிவின் கீழ் யார் விண்ணப்பிப்பார்கள் என்பது நான்காவது கேள்வி.